நம் ஊர் வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஏற்ற செடித் தொட்டி: முழுமையான வழிகாட்டி

மீன் தொட்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். கண்ணாடித் தொட்டி, கலர் கல், பிளாஸ்டிக் செடி, பை நிறைய மீன். சாயங்காலமே வீட்டில் தொட்டி ஓடத் தொடங்கிவிடும். அடுத்த வாரம் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கும். கடைக்குப் போய்க் கேட்டால் ஒரு நீல மருந்து பாட்டில் கிடைக்கும். கோளாறு மீனிடம் இல்லை, வாங்கிய வரிசையில்தான். இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்: முதலில் தண்ணீர், அப்புறம் மண், அப்புறம் செடி, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் மீன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். செடித் தொட்டி, அதாவது உயிருள்ள நீர்ச்செடிகள் வளரும் மீன் தொட்டி, பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஹீட்டரில் ஆரம்பிப்பார்கள். நமக்குப் பிரச்சினை நேர் எதிர். மே மாதத்தில் சென்னையிலோ மதுரையிலோ தொட்டித் தண்ணீர் 32 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும். போர் தண்ணீரோ உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். தண்ணீரைச் செடிக்கு ஏற்ப மாற்றப் போராடுவது செலவு, தொல்லை, கடைசியில் தோல்வி. இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற செடியைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். அப்படித் தேடினால், அதில் பாதி நம் பக்கத்துச் செடிகளாகவே இருப்பது தெரியவரும்.

தொட்டியும் அது உட்காரும் இடமும்

முதல் தொட்டிக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் போதும். விளிம்பு வரை நிரப்பினால் 54 லிட்டர். மண்ணும் மேலே விடும் இடைவெளியும் போக ஏறக்குறைய 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைவிடச் சின்னது எளிது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் வேகமாக ஏறும், அழுக்கும் வேகமாகச் சேரும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

கண்ணாடி 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். தண்ணீர், மண், கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ வரும். டிவி ஸ்டாண்டோ பிளைவுட் அலமாரியோ இதைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு நல்லது. தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் ஷீட் ஒன்று போடுங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்வாக நின்றால் ஒரு மூலையின் சிலிக்கான் ஒட்டு மற்றவற்றைவிட அதிக அழுத்தம் தாங்க வேண்டிவரும். பிறகு வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டுக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம். பாசியும் சூடும் சேர்ந்து வரும். மின் இணைப்பில் இரண்டு விஷயங்களில் சோம்பல் கூடாது. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் வளைவிலிருந்து கீழே சொட்டும். வீட்டு மின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், தொட்டி வைப்பதற்கு முன்னால் அதைப் போட்டுவிடுங்கள். தொட்டிக்குள் கை விடும்போது லைட், ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுவதும் பழக்கமாகட்டும்.

உங்கள் குழாயில் என்ன வருகிறது?

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. அதைக் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி, குழாய்த் தண்ணீரை அளந்து பாருங்கள். 500 வரை இருந்தால் கவலையே வேண்டாம். 1000-ஐத் தாண்டினால் ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். முழுக்க ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் செடிக்கும் மீனுக்கும் தேவையான கால்சியம், மெக்னீசியம்கூட இருக்காது. ஆர்ஓ மெஷினின் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் இருப்பது குழாய்த் தண்ணீரின் உப்பெல்லாம் செறிந்த மிச்சம். தரை துடைக்கத்தான் அது லாயக்கு.

அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுச் சாஃப்ட்னர் வைத்திருந்தால், அது சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. டிடிஎஸ் குறையாது, செடிக்கோ பெரும்பாலும் பிடிக்காது. சாஃப்ட்னருக்கு முன்னால் வரும் குழாய் ஏதாவது இருக்கிறதா என்று காவலாளியிடமோ பிளம்பரிடமோ கேளுங்கள்.

மெட்ரோ வாட்டர், நகராட்சித் தண்ணீர், மாத்திரை போட்ட லாரித் தண்ணீர் எதுவானாலும் குளோரின் இருக்கும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் விட்டு வைத்தால், அதுவும் ஏர் பம்ப் ஓடினால், குளோரின் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் குளோரின் நீக்கி கிடைக்கிறது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் ஹைப்போ என்று சொல்வார்களே, அந்த சோடியம் தயோசல்ஃபேட்தான் பெரும்பாலும் அதில் இருக்கிறது.

மண்: இங்கேதான் பாதி வெற்றி

செடித் தொட்டிக்கென்றே கடைகளில் விற்கும் அக்வா சாயில் என்ற மண் நல்ல பொருள்தான், ஆனால் விலை அதிகம். முதல் தொட்டிக்கு நான் சொல்வது தோட்டத்துச் செம்மண். செம்மண்ணின் சிவப்பே இரும்புச் சத்துதான். களிமண் பகுதி சத்துகளைப் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும். உரமோ பூச்சிமருந்தோ போடாத இடத்து மண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மண்ணைச் சலித்து வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். மிதக்கும் குச்சி, இலை, சக்கை எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. இதில் ஒரு கைப்பிடி மக்கிய மண்புழு உரம் சேர்த்தால் போதும். தாராள மனசோடு அள்ளிப் போட்டால் தொட்டி முழுக்க அம்மோனியாதான் வரும். மாட்டுச் சாணம் கூடவே கூடாது, காய்ந்ததாக இருந்தாலும்.

இந்தச் சேற்றைத் தொட்டியின் அடியில் 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். முன் கண்ணாடியை ஒட்டி இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டால் வெளியிலிருந்து பார்க்க மண் தெரியாது. அதன் மேல் மூடியாக 4 சென்டிமீட்டருக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் பரல். குடிநீர் ஃபில்டருக்கு விற்கும் மணல் இதற்குக் கச்சிதம்: தூசி குறைவு, சுண்ணாம்பு இல்லை. எம்-சாண்டில் கருங்கல் தூசி அதிகம், கழுவிக் கழுவிக் கை ஓயும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பியும் இருக்கும், தொடவே வேண்டாம். எந்தக் கல்லானாலும் மணலானாலும் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. ஏற்கெனவே கடினமான தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும்.

பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் சரித்து விடுங்கள். ஆனால் எந்த இடத்திலும் மொத்தக் கனம் 7 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் அடியில் காற்றில்லாமல் அழுகல் வாயு சேரும். மரக்கட்டை வைக்க ஆசைப்பட்டால் பட்டை உரித்து நன்றாகக் காய்ந்த கொய்யாக் கிளை அழகாக இருக்கும். சில நாள் ஊறவைத்து, கொதிக்கவைத்து, தானாக மூழ்கிய பிறகு உள்ளே வையுங்கள்.

செடிப் பட்டியல்

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாமல், சூட்டையும் கடினத் தண்ணீரையும் தாங்கும் செடிகளை மட்டும் சொல்கிறேன்.

பின்வரிசைக்கு வாலிஸ்நேரியா. நாடா போன்ற நீண்ட இலை. கடினத் தண்ணீரில் இன்னும் செழிக்கும் அபூர்வப் பிறவி. மண்ணுக்குள் கொடி ஓட்டிக் குட்டி போட்டுக்கொண்டே போகும். அதன் பக்கத்தில் ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா. இந்தியச் செடி, அமெரிக்காவில் கூட்டரசின் தீங்கான களைப் பட்டியலில் இருக்கிறது என்றால் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம். அந்த வேகம்தான் நமக்கு வேண்டியது. புதுத் தொட்டியில் அம்மோனியாவையும் உபரிச் சத்தையும் பாசிக்கு முன்னால் தின்றுவிடும்.

நடுவில் நீர்ப்பிரமி. நாட்டு மருந்துக்காரர்கள் ஞாபக சக்திக்குக் கொடுக்கும் அதே செடிதான், அக்வேரியக் கடையில் பகோபா மொன்னியெரி என்ற பெயரில் இருக்கும். வாய்க்கால் கரை ஈரத்தில் தானாக வளர்வது. கரையிலிருந்து பறித்தால் பூச்சிமருந்து அடித்த வயல் பக்கத்தில் பறிக்காதீர்கள். தண்ணீருக்குள் மெதுவாகத்தான் வளரும், ஆனால் நேராக நிற்கும் அழகுக்கு ஈடில்லை.

நடுவிலும் முன்னாலும் கிரிப்டோகோரைன் வெண்ட்டீ. இதுதான் என் முதல் சிபாரிசு. இலங்கையின் ஓடைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத செடி, இன்று உலகம் முழுக்கத் தொட்டிகளில் இருக்கிறது. வெளிச்சம் குறைவாக இருந்தாலும் பிழைக்கும், பச்சையிலும் செம்பழுப்பிலும் கிடைக்கும். ஒரு குணம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு இலையெல்லாம் கரைந்து கூழாகிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடுகிறார்கள். பிடுங்க வேண்டாம், வேர் உயிரோடு இருக்கும், சில வாரங்களில் புது இலை விடும்.

கட்டையிலும் கல்லிலும் கட்டுவதற்கு அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ். மேலே மிதக்கக் கொஞ்சம் சால்வினியா, அதுவும் தொட்டியின் கால்வாசிப் பரப்புக்கு மேல் வேண்டாம்.

சிவப்பு ரொட்டாலா மாக்ராண்ட்ரா, கம்பளமாகப் படரும் குட்டைச் செடிகள் எல்லாம் படத்தில் மனதை மயக்கும். மாக்ராண்ட்ரா நம் நாட்டுச் செடியேதான், ஆனாலும் மென்மையான தண்ணீர், வலுவான வெளிச்சம், கார்பன் டை ஆக்சைடு மூன்றும் கேட்கும். இரண்டாவது தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்குவது? நினைப்பதைவிட இரண்டு மடங்கு. நட்டு முடித்ததும் தரையில் முக்கால்வாசி செடியால் மூடியிருக்க வேண்டும். நாலு செடி நட்டுப் பரவட்டும் என்று காத்திருந்தால் அந்த இடைவெளியில் பரவுவது பாசி. செடி, மீன் இரண்டுக்கும் சென்னையில் கொளத்தூர் பேர்போனது. ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் வெட்டிய தண்டுகளைச் சும்மாவே கொடுப்பார்கள்.

நடும் நாள்

செடி வந்ததும் அதைச் சுற்றிய பஞ்சு, ஈய வளையம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணீரில் 10 நிமிடம் வைத்துப் பிறகு நன்றாக அலசுங்கள். இதையும் தாண்டி ஒன்றிரண்டு நத்தை வரும். வரட்டும், மிச்சத் தீனியையும் அழுகிய இலையையும் அதுதான் சுத்தம் செய்யும். நத்தை பெருகினால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

பரல் நனைந்து, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும் அளவில் நடுவதுதான் சுலபம். முழுக்க நிரப்பிவிட்டு நட்டால் ஒன்றை ஊன்றும்போது இன்னொன்று மிதந்து வரும். நீண்ட டுவீசர் கட்டாயம் வேண்டும்.

தண்டுச் செடிகளை 10 முதல் 15 சென்டிமீட்டராக வெட்டி, அடி இரண்டு கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொரு தண்டாகச் சாய்வாக ஊன்றுங்கள். கொத்தாக நட்டால் உள்ளே இருப்பது வெளிச்சமில்லாமல் அழுகும். வாலிஸ்நேரியாவையும் கிரிப்டோகோரைனையும் வேரை ஒரு அங்குலத்துக்குக் கத்தரித்து, இலை பிரியும் கழுத்துப் பகுதி பரலுக்கு மேலே தெரியும்படி வையுங்கள். கழுத்து புதைந்தால் செடி போய்விடும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மண்ணில் நடவே கூடாது. அவற்றின் கிடைத்தண்டு புதைந்தால் அழுகும். பருத்தி நூலால் கட்டையில் கட்டிவிடுங்கள்.

முடித்ததும் பரலின் மேல் ஒரு தட்டையோ பிளாஸ்டிக் கவரையோ விரித்து, அதன் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அவசரப்பட்டு வாளியைக் கவிழ்த்தால் செம்மண் கிளம்பிவிடும். லேசாகக் கலங்கினால் பயம் வேண்டாம், ஃபில்டர் ஓட ஓடத் தெளியும்.

ஃபில்டருக்குச் சின்ன ஏர் பம்ப்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியாக இறங்கி பம்ப்புக்குள் வரும்.

வெளிச்சம்

எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 2 அடி, 10 வாட் எல்இடி பேட்டன் இரண்டு போதும். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் வெள்ளை நிறமாகப் பாருங்கள். தண்ணீர் தெறிக்காதபடி கண்ணாடி மூடிக்கு மேலே மாட்டுங்கள். முதல் மாதம் தினமும் 6 மணி நேரம், அப்புறம் மெல்ல 8 வரை. நீலமும் ஊதாவுமாக மாறும் ரிமோட் லைட்டுகள் மனிதர்களுக்கான வேடிக்கை, செடிக்கு அல்ல. டைமர் பிளக் ஒன்று போட்டுவிடுங்கள். ஒரு நாள் 4 மணி நேரம், ஒரு நாள் 12 மணி நேரம் என்று எரிந்தால் பாசிதான் வரும்.

மீன் இல்லாத முதல் மாதம்

இந்தக் காலத்தில் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பொறுமை தானாக வரும். மண்ணிலிருந்தும் அழுகும் இலையிலிருந்தும் அம்மோனியா கிளம்பும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது குறைந்த அளவில் தீங்கில்லாதது, செடிக்கு உணவு. இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் பரலிலும் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கலாம். நம் ஊர்ச் சூட்டில் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும்.

கடினத் தண்ணீர்க்காரர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கடினத் தண்ணீரில் பிஎச் பெரும்பாலும் அதிகம். அது 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. சூடு ஏறினாலும் கூடும். அதனால் அவசர மீன் நம் ஊரில் இன்னும் சீக்கிரம் சாகும்.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். உதிரும் இலைகளை எடுத்துவிடுங்கள். கடையிலிருந்து வரும் பல செடிகள் தண்ணீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை; பழைய இலை உதிர்ந்து தண்ணீருக்குள் வாழும் புது இலை வருவது இயல்புதான். ஒரு மெல்லிய குச்சியால் மண்ணை அங்கங்கே குத்திச் சேர்ந்த வாயுவை வெளியேற்றுங்கள். கண்ணாடியில் பழுப்புத் தூள் போலப் படியும் டயாட்டம் பாசி புதுத் தொட்டிகளில் சகஜம். துணியால் துடைத்தால் போதும், தானாகப் போய்விடும்.

திரவ டெஸ்ட் கிட் வாங்கி அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். நண்பர் வீட்டு ஆரோக்கியமான தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சைக் கொஞ்சம் வாங்கிவந்து உங்கள் ஃபில்டரோடு வைத்தால் காத்திருப்பு குறையும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

மீன்

கோல்டு ஃபிஷ் இந்தத் தொட்டிக்கு ஆகாது. செடியைத் தின்னும், மண்ணைக் கிளறும், பெரிதாக வளரும். டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் இரண்டு அடித் தொட்டியைவிடப் பெரிய ஆசை உள்ளது. ஒரு அடிக்கு மேல் வளரும்.

கடினத் தண்ணீருக்குக் கப்பி அருமையான தேர்வு. ஆண் மீன்களாக எட்டுப் பத்து விடுங்கள், ஜோடியாக விட்டால் சில மாதங்களில் தொட்டி கொள்ளாது. மிதமான தண்ணீர் என்றால் செர்ரி பார்ப் எட்டு. இதுவும் இலங்கையைச் சேர்ந்தது, கிரிப்டோகோரைன் நிழலில் சிவப்பாக நிற்கும் அழகு தனி. கூடவே ஒரு ஜோடி ஹனி கவுராமி விடலாம். கவுராமியும், ஃபைட்டர் என்று விற்கும் பெட்டாவும் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கக்கூடியவை. கரண்ட் போகும் ஊர்களில் அது பெரிய பலம். நியான் டெட்ராவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது மே மாதத்தைத் தாண்டுவது சிரமம்.

ஒரே நாளில் எல்லா மீனையும் விடாதீர்கள். முதலில் பாதி, இரண்டு வாரம் கழித்து மீதி. பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் வர வேண்டாம். தீனி தினமும் ஒருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

உரம்

செம்மண் முதல் இரண்டு மூன்று மாதம் பார்த்துக்கொள்ளும். அதன் பிறகு கீழ் இலை மஞ்சளாவது, இலையில் ஓட்டை விழுவது தெரிந்தால் உரம் தேவை. அக்வேரியக் கடைக்கு ஓட வேண்டாம். விவசாய உரக் கடையில் 13:0:45 என்று கேளுங்கள், அது பொட்டாசியம் நைட்ரேட். 0:52:34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். முதலாவதில் 10 கிராமும் இரண்டாவதில் 2 கிராமும் எடுத்து 200 மில்லி ஆர்ஓ தண்ணீரில் கரைத்து வையுங்கள். வாரம் 10 மில்லி. அதில் பொட்டாசியம் நைட்ரேட் அரை கிராம் இருக்கும். 45 லிட்டரில் நைட்ரேட்டை லிட்டருக்கு 7 மில்லிகிராம் போல உயர்த்தும். மீன் அதிகமாக இருந்தால் பாதி போதும்.

இரும்பும் நுண்ணூட்டமும் அக்வேரியத்துக்கென்று விற்பதையே வாங்குங்கள். பயிருக்கான கலவைகளில் செம்பும் துத்தநாகமும் அதிகம் இருக்கலாம், பின்னால் தொட்டியில் இறால் விட்டால் அதற்குச் செம்பு ஆகாது. அதை மேலே சொன்ன பாட்டிலில் கலக்காமல் வேறு நாளில் ஊற்றுங்கள், இல்லையென்றால் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்துவிடும். யூரியா, டிஏபி, 19:19:19 மூன்றும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. மூன்றிலிருந்தும் அம்மோனியா வரும்.

பாசி அதிகமானால் உரத்தை நிறுத்துவதுதான் பலருக்கு முதலில் தோன்றும். அதற்கு முன் வெளிச்சத்தை 5 மணி நேரமாகக் குறைத்துப் பாருங்கள், வேகமாக வளரும் தண்டுச் செடி இன்னொரு கைப்பிடி நடுங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கும். பாசிக்கொல்லி மருந்து எதுவும் வேண்டாம். திரவ கார்பன் என்று விற்பதும் வாலிஸ்நேரியாவைக் கரைத்துவிடக்கூடியது.

கோடையும் வார வேலையும்

25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் சுமார் 7.3 மட்டுமே. சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடும். இரவில் செடியும் பங்கு கேட்கும். அதனால் கோடையில் ஏர் பம்ப் இரவு முழுக்க ஓட வேண்டும். மீனையும் தீனியையும் குறைவாக வைத்திருங்கள். மூடியைத் திறந்து ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கோவை, மதுரைப் பக்கம் காற்று வறண்டிருந்தால் நன்றாக வேலை செய்யும், சென்னைப் புழுக்கத்தில் கொஞ்சம் குறைவு. ஆவியாகிப் போன தண்ணீரை ஆர்ஓ தண்ணீரால் ஈடு செய்யுங்கள், ஏனென்றால் உப்பு ஆவியாகாமல் தொட்டியிலேயே தங்கிவிடும்.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். மொட்டை மாடி டேங்கிலிருந்து மத்தியானம் பிடிக்காதீர்கள், மே மாதத்தில் அந்தத் தண்ணீரில் கையே வைக்க முடியாது. விடிகாலையில் பிடித்து வாளியில் வைத்துவிடுங்கள். ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். நீண்ட நேர மின்வெட்டு இருக்கும் ஊர் என்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

தண்டுச் செடிகள் மேல் மட்டத்தைத் தொட்டதும் பாதியில் வெட்டி, நுனியைத் திரும்ப நடுங்கள். மிஞ்சியதை ஏரியிலோ வாய்க்காலிலோ போட வேண்டாம். சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பரவிக் கிடப்பதற்கு வளர்க்க முடியாமல் கொண்டுபோய் விட்டவர்களும் ஒரு காரணம். வெட்டிய செடியை வெயிலில் காயப்போட்டு ரோஜாத் தொட்டியில் மூடாக்காகப் போட்டுவிடலாம். மாற்றி எடுத்த தண்ணீரும் அந்த ரோஜாவுக்கே போகட்டும்.